காரணம் எழுதப்படாத வெற்றிடம்

எனக்கு அந்த ஒபிஸில் தகுதிகாண் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்போது இரண்டில் ஒன்று நடக்கும் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். என் வேலை பிடித்திருந்தால் கேர்னல் குழுவிலேயே வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பக்கத்து அறையிலுள்ள டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றுவார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு, அவ்வளவுதான். ஆனாலும் என் கதிரையை உருட்டிக்கொண்டு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போவதை நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

கேர்னல் என்பது கணினியின் அடிமட்ட மென்பொருள். திரையில் நாம் பார்க்கிற எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. எங்கள் ஒபிஸ் கண்டி நகரத்துக்குள், ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. வெளிநாட்டில் தயாராகும் ரவுட்டர் பெட்டிகளுக்காக, கேர்னலில் தரவுப் பொதிகளை வாங்கி வழியனுப்புகிற பகுதியை நாங்கள் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேர்னல் ஒருவருடைய சொத்தும் அல்ல. உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுவது. யாரும் மாற்றம் அனுப்பலாம். அந்த மாற்றத்துக்கு பெட்ச் என்று பெயர். அதை மின்னஞ்சலில், ஒரு மடற்குழுவுக்கு, எல்லோரும் பார்க்கும்படி அனுப்ப வேண்டும். அடியில் முழுப் பெயரைப் போட்டு ஒரு கையொப்ப வரி எழுத வேண்டும். ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அந்தப் பெயர் அதன் வரலாற்றை விட்டு ஒருநாளும் போகாது.

என் கையொப்ப வரியில் அப்பாவின் பெயர் முதலில் வரும், என் பெயர் பிறகு. அப்பா கண்டியில் ஒரு மொத்தக் கடையில் நாட்டாமை. லொறியிலிருந்து மூட்டை இறக்குகிறவர். பள்ளிக்கூடத்துக்கு அவர் போனதே இல்லை. அம்மா போனது கொஞ்ச நாள், எழுத்துக் கூட்டும் அளவுக்குக்கூட இல்லை. கெலிஓயாவில் எங்கள் வீட்டுக்கு வருகிற கரண்ட் பில், கிராம சேவகரின் படிவம், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்து வாசித்தவள் நான்தான். எனக்கு விளக்கிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் எனக்கு ஒரு கர்வம் உண்டு: எதையும் முதல் தடவையிலேயே வாசித்து விளங்கிக்கொள்வேன் என்ற கர்வம். அதோடு ஒரு எரிச்சலும் உண்டு. முதல் தடவை வாசிக்கிற ஒருவர் வருவார் என்ற நினைப்பே இல்லாமல் எழுதியதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழுவின் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது சொச்சம் வயது. எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்ற முடிவு அவர் கையில் இருந்தது. ஒருநாள் அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார்.

"புதுப் பெட்டிக்கு ரெண்டு மூண்டு புலம் சேர்க்க வேணும். அதுக்கு முதல் இதை ஒருக்கா ஒழுங்குபடுத்தும். கனக்கக் கிளறாதேயும்."

அந்தக் கோப்பில் இருந்தது ஒரு கட்டமைப்பு. பெட்டி வழியாக யாரோ ஒருவர் அழைப்பு எடுக்கிறார், இன்னொருவர் படம் பார்க்கிறார் என்றால், அப்படி ஒவ்வொரு தொடர்புக்கும் கேர்னல் ஒரு பதிவு வைத்திருக்கும். அந்தப் பதிவில் எந்தத் தகவல் எந்த வரிசையில் உட்காரும் என்று சொல்வதுதான் அது. தகவலுக்கு ஒதுக்கிய ஒவ்வொரு இடத்தையும் புலம் என்போம். பல வருஷமாகப் பலர் கைபட்ட பொருள் என்பது பார்த்ததும் தெரிந்தது. அனுப்புநர் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு நேரம். நேரத்துக்குக் கீழே ஒரு எண்ணி. பெறுநர் முகவரி எங்கேயோ தள்ளி. நடுவில் எதையுமே வைக்காத ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு 'நிரப்பு' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் இருந்தது. ஏன் நிரப்ப வேண்டும், எதை நிரப்பியிருக்கிறது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

நான் நன்றாகவே கிளறினேன்.

முகவரிகளையெல்லாம் ஒன்றாக்கினேன். நேரங்களை ஒன்றாக்கினேன். எண்ணிகள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேலே ஒரு தலைப்பு. அந்த வெற்றிடத்தை எடுத்துவிட்டேன். இப்போது நேற்றுச் சேர்ந்த ஒரு ஆள் திறந்து பார்த்தாலும் எது எங்கே என்று உடனே தெரியும். பயிலுநர்களுக்கென்று மேசையில் ஒரு பழைய ரவுட்டர் பெட்டி கிடந்தது. அதில் ஏற்றிப் பார்த்தேன். ஓடியது. வேகமும் குறையவில்லை.

கேர்னல்காரர்களிடம் ஒரு கட்டளை உண்டு. ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியிலும் கடைசியாகக் கை வைத்தவர் யார் என்று காட்டும். அந்தக் கட்டளையின் பெயருக்கு அர்த்தமே 'பழி சொல்' என்பதுதான். அதை என் பிரதியில் அடித்துப் பார்த்தேன். கட்டமைப்பின் உச்சியிலிருந்து அடிவரை, வரிக்கு வரி, அப்பாவின் பெயரும் என் பெயரும். ஃபோனில் படம் பிடித்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது பூராவும் உம் பேரா?"

"ஆமாம்மா. அப்பா பேரும் இருக்கு."

"இங்கேருந்து இது வரைக்கும்?" விரலால் திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். மறுநாளே அது பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு உள்ளுக்குள்ளே தன் மகள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனிப் பெட்ச் ஆக்கியிருந்தேன். வெளியே அனுப்ப முன் அண்ணா அவற்றைப் பார்த்தார். வலையமைப்புப் பகுதிக்கென்று ஒரு தனி வழக்கம் இருக்கிறது. ஒரு செயற்பாட்டின், அதாவது ஒரு வேலையைச் செய்கிற நிரல் துண்டின், தொடக்கத்தில் அதன் மாறிகளை வரிக்கு ஒன்றாக அறிவிக்கும்போது நீளமான வரி மேலே, அதைவிடக் குட்டையானது அடுத்து, மிகக் குட்டையானது கடைசியில் வர வேண்டும். பார்த்தால் கிறிஸ்மஸுக்கு வைக்கிற நத்தார் மரத்தைத் தலைகீழாக நட்டது போல இருக்கும். அந்த வழக்கத்தின் பெயரும் அதுதான். எதற்கு என்று கேட்டால் யாரிடமும் உறுதியான பதில் கிடையாது. மீறினால் பெட்ச் திரும்பி வரும்.

"உம்மட மரம் சரிஞ்சு கிடக்குது. நிமித்தும்" என்றார் அண்ணா.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு நின்ற என் சிநேகிதி விடவில்லை. மடவளையில் முஸ்லிம் வீட்டுக்காரி, என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள். அவள் டெஸ்டிங்கைத் தானாகவே கேட்டு வாங்கியவள். "நிமித்தவா? கவுக்கச் சொல்லுங்க அண்ணா. தலைகீழாத்தானே நிக்கணும்."

"எங்கட வீட்டில நத்தாருக்கு மரம் நிமிந்துதான் நிக்கிறது. இவையள்தான் கவிட்டு வைச்சிருக்கினம்."

"எங்கட வீட்டில மரமே இல்ல. ஒபிஸுக்கு வந்தா மட்டும் வருஷம் முழுக்க நத்தார்."

சிரித்தோம். நான் வரிகளை மாற்றி மரத்தைக் கவிழ்த்தேன். வெற்றிடத்தை எடுத்ததைப் பற்றி அண்ணா ஒன்றும் கேட்கவில்லை. இதுவும் யாரோ ஒருவரின் பழைய பழக்கம், கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். கட்டமைப்பை மட்டும் அவர் கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா அவையள் ஏன் எண்டு கேப்பினம்."

"வாசிக்கிறவங்களுக்கு விளங்கணும் அண்ணா. அதுதான் காரணம்."

"சரி, அனுப்பும். உம்மட பேரில அனுப்பும். வாறதை நீர்தான் சமாளிக்க வேணும். உம்மைப் பற்றி முடிவு எடுக்க எனக்கும் அது உதவும்."

கடைசி வசனத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அனுப்ப முன் மடலை இன்னொரு தரம் வாசித்தேன். அனுப்பு பொத்தானை அமத்தியபிறகு மடற்குழுவின் பக்கத்தைத் திறந்து, என் மடல் அங்கே வந்துவிட்டதா என்று பார்த்தேன். வந்திருந்தது. பிறகு ஏன் வந்தது என்று இருந்தது.

பதில்கள் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் வரும். அப்போதுதான் ஐரோப்பியப் பக்க நாடுகளில் பொழுது விடிந்து வேலைக்கு வருவார்கள். அதனால் அந்த நாட்களில் எனக்குச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பதும் மடற்பெட்டியைத் திறப்பதும் ஒன்றாகவே நடக்கும். பருப்பும் தேங்காய் போட்ட பொல் சம்பலும் அப்படியே இருக்க, விரலால் திரையை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். யாரும் எழுதவில்லை என்றால் என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று தோன்றும். எழுதிவிடுவார்களோ என்று அதைவிடப் பயமாக இருக்கும்.

எழுதினார்கள். அந்தப் பகுதியில் பழுத்தவர் என்று மடல்களில் மட்டும் நாங்கள் அறிந்த ஒருவர். அவர் கோபமாக எழுதவில்லை. என் வரிகளை மேற்கோளாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே குட்டிக் குட்டிக் கேள்விகள். வாசிக்க அழகாக இருப்பதைத் தவிர இதனால் எது இலகுவாகிறது? இதை ஏற்றால் பழைய பதிப்புகளுக்குப் போக வேண்டிய திருத்தங்கள் இனிப் பொருந்தாதே, அதற்கு என்ன செய்வது? இன்னும் ஒரு செயற்பாட்டில் மாறிகளின் வரிசை பிழை. கடைசியாக: ஒன்றுக்கு மேற்பட்ட கோர் உள்ள பெட்டியில் அளந்து பார்த்தீர்களா?

கோர் என்பது செயலிக்குள் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு பங்கு. புதுப் பெட்டிகளில் அது இரண்டு, நான்கு என்று இருக்கும். பயிலுநர் மேசையில் கிடந்த பழைய பெட்டியில் ஒன்றே ஒன்று.

நான் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை. என் பெயர் வரலாற்றில் அழியாமல் நிற்கும் என்று பெருமைப்பட்டிருந்தேன். இந்தக் கேள்வியும் அதே பெயருக்குக் கீழே அழியாமல் நிற்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. சோற்றை மடித்துக் கட்டிவிட்டேன்.

அண்ணாவும் அந்த மடலைப் பார்த்திருந்தார். "நான் சொன்னனான்" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பழைய ஆக்களுக்கு அந்தக் கட்டமைப்பு மனப்பாடம்" என்றார். "கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவினம் எது எங்க எண்டு. நீர் வடிவாக்கிறன் எண்டு எல்லாத்தையும் மாத்தினா, அவையள் திரும்பப் படிக்க வேணும்."

"அவங்களுக்கு மனப்பாடம் அண்ணா. புதுசா வர்றவங்களுக்கு?"

"புதுசா வாறவை படிக்கிறதுதானே. நானும் அப்பிடித்தான் படிச்சனான்."

"ஒரு வரி விளக்கமாவது இருந்தா நானும் சீக்கிரம் படிச்சிருப்பேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. அண்ணா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் அளந்துபோட்டு வாரும்" என்று மட்டும் சொன்னார்.

அளப்பதென்றால் டெஸ்டிங் அறைக்குத்தான் போக வேண்டும். இரண்டு கோர் பெட்டிகள் அங்கேதான். நான் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது என் சிநேகிதி கதிரையைத் திருப்பினாள்.

"ஆ, வந்துட்டாவா? இந்தப் பக்கம் வந்தா ஒட்டிக்கொள்ளும் எண்டுதானே வாரல்ல இவ்வளவு நாளும்?"

"அப்படியில்ல."

"அப்படித்தான் புள்ள. உன்ட முகத்திலேயே எழுதியிரிக்கி. என்னய டெஸ்டிங்ல போட்டுருவாங்களோ, போட்டுருவாங்களோ எண்டு. நாங்க என்ன இங்க மீனா வெட்டுறோம்?"

நான் கணினியை அவள் மேசையில் வைத்தேன். அவள் அதற்குமேல் இழுக்கவில்லை. என் பெட்ச்களைப் பெட்டியில் ஏற்றி, பொதிகளை அனுப்பத் தொடங்கினாள். ஒரு கோரை மட்டும் ஓடவிட்டபோது ஒன்றும் இல்லை. இரண்டையும் ஓடவிட்டாள். திரையில் வேகத்தைக் காட்டி ஏறிக்கொண்டிருந்த கோடு மடங்கிக் கீழே வந்தது. பெட்டியை அணைத்துப் போட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடி மடங்கியது.

"என்னடி இது? உன்ட பெட்டி படுத்துட்டு."

என் மாற்றங்களுக்கு முன்பு இருந்ததில் பாதி வேகம்தான் வந்தது. ஒரு கோரை விட இரண்டு கோர் மெதுவாக ஓடுகிறதென்றால் அது சின்னப் பிழை அல்ல. அதை நான் உலகத்துக்கே அனுப்பி, என் அப்பாவின் பெயரையும் அடியில் போட்டிருந்தேன்.

அன்று பஸ்ஸில் பேராதனை வரை நின்றுகொண்டே வந்தேன். இடம் கிடைத்தபிறகும் உட்காரத் தோன்றவில்லை. வீட்டில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா புள்ள, மொகம் ஏன் இப்படித் தொங்குது?"

"நான் ஒண்ண ஒழுங்கா அடுக்கி வச்சேன்ல. ஏன் அடுக்கினேன்னு கேக்கிறாங்க."

"குப்பையா கெடந்திச்சா?"

"ஆமா."

"அப்பக் குப்பையா கெடந்திச்சி, அடுக்கினேன்னு சொல்லு. இதுக்கு என்னா பயம்? படிச்ச புள்ள செஞ்சா சரியாத்தானே இருக்கும்."

உள்ளே இருந்து அப்பாவும் "ஆமா, அவ சரியாத்தான் செஞ்சிருப்பா" என்றார். யாராவது என்னைத் திட்டினால் தாங்கியிருப்பேன். இரண்டு பேரும் அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். டெஸ்டிங்குக்கு அனுப்பினால்கூடப் பரவாயில்லை, வேலையே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன்.

மறுநாள் காலையில் நானும் சிநேகிதியும் பெட்ச்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். முகவரிகளைச் சேர்த்தது கொஞ்சம் இழுத்தது. நேரங்களைச் சேர்த்ததால் ஒன்றும் ஆகவில்லை. வெற்றிடத்தை எடுத்த பெட்சைக் கழற்றியதும் கோடு நிமிர்ந்து நின்றது.

"வெறும் இடம்டி இது" என்றாள் அவள். "ஒண்டுமே இல்லாத இடத்த எடுத்ததுக்கா இந்தப் பாடு?"

எதற்கென்று அதன்பிறகு தேடித் தேடி வாசித்து விளங்கிக்கொண்டேன். செயலி தனக்கு வேண்டியதை ஒவ்வொரு எண்ணாக எடுப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒரு பிடியாக அள்ளும். வெற்றிடத்துக்கு மேலே இருந்தது ஒரு எண்ணி. ஒவ்வொரு பொதி வரும்போதும் ஒரு கோர் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். கீழே இருந்தது மற்றக் கோர் ஓயாமல் வாசிக்கிற ஒரு தகவல். நான் இரண்டையும் நெருங்கவிட்டதும் இரண்டும் ஒரே பிடிக்குள் விழுந்துவிட்டன. எண்ணியை மாற்றும் கோர் எழுதும் ஒவ்வொரு முறையும் மற்றவர் கையில் இருக்கும் பிடி பழையதாகிவிடும். அவர் மறுபடி அள்ள வேண்டும். அந்த வெற்றிடத்தின் வேலையே இருவரையும் விலக்கி வைப்பதுதான். ஒரே ஒரு கோர் உள்ள பெட்டியில் சண்டை பிடிக்க இன்னொருவர் இல்லை. அதனால்தான் என் மேசையில் எல்லாம் நன்றாக ஓடியது.

இதை வைத்தவருக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறது. யார் அவர் என்று பார்க்கப் பழி சொல்லும் கட்டளையை அடித்தேன். என் பெயர்தான் வந்தது. எல்லா வரியையும் நான் நகர்த்தியிருந்தேன், எல்லா வரியிலும் நானே நின்றேன். ஃபோனில் படம் பிடித்து வைத்த அதே திரை. அப்போது அதைப் பார்த்துப் பூரித்தேன். இப்போது யாராவது இதைத் திறந்து, இந்தப் புலம் ஏன் இங்கே என்று கேட்டால் உலகத்தில் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான். எனக்கோ பாதிக்குப் பதில் தெரியாது. என் மாற்றங்களுக்கு முந்திய பதிப்புக்குப் போய் மறுபடி அடித்தேன். வெற்றிடத்துக்குப் பக்கத்தில் அண்ணாவின் பெயர். அவர் இந்த ஒபிஸில் சேர்ந்த புதிதில் செய்த மாற்றம். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'சிறு திருத்தம்' என்று இருந்தது. அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் என்னை வைத்துக்கொள்வாரா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் மடற்குழுவுக்குப் பதில் எழுத முடியாது. கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். சிநேகிதியும் கூட வந்தாள், தேவையே இல்லாமல்.

"அண்ணா, இந்த வெற்றிடம் நீங்க வச்சது."

அவர் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். "நானோ? எனக்கு ஞாபகம் இல்லையே." இன்னும் கிட்ட வந்தார். "ஓம். நான்தான் போல கிடக்கு. அப்பதான் எங்களிட்ட ரெண்டு கோர் பெட்டி முதல் முதல் வந்தது. அதாலதான் இருக்கும்."

"எழுதி வச்சிருக்கலாமே."

வாயைவிட்டு வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. சிநேகிதி கூரையைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு வடிவா விளங்கியிருந்தது" என்றார் அண்ணா மெதுவாக. "விளங்கின விஷயத்தை எழுதுவான் ஏன் எண்டு நினைச்சிருப்பன்." பிறகு, "நீர் எடுத்ததை நானும் பாத்துட்டுத்தானே அனுப்பச் சொன்னனான். எனக்கே தெரியேல்லை" என்றார். அவர் முகத்தில் கோபமா வெட்கமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்து மடற்பெட்டியைத் திறந்தேன்.

மடற்குழுவுக்கு எழுதினேன். இரண்டு கோர் பெட்டியில் அளந்தேன், வேகம் குறைகிறது, எல்லா பெட்ச்களையும் திரும்பப் பெறுகிறேன் என்று. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பெட்ச் தயார் செய்தேன். எதையும் நகர்த்தவில்லை. வெற்றிடத்துக்கு மேலே அது ஏன் இருக்கிறது என்று ஒரு கொமன்ட், அதாவது மனிதர் வாசிக்க மட்டும் ஒரு விளக்கக் குறிப்பு, எழுதினேன். அதோடு ஒரு சோதனை வரி: யாராவது அந்த இரண்டு புலத்தையும் ஒரே பிடிக்குள் கொண்டுவந்தால் கம்பைல் ஆகாமல், அதாவது பெட்டியில் ஏற்றும் வடிவத்துக்கு மாறாமல், அங்கேயே நின்றுவிடும்.

அண்ணா வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "என்ன இது, ஒரு புலத்துக்கு இவ்வளவு பெரிய கொமன்டோ? கதை எழுதிறீரா? ரெண்டு வரி எழுதினாக் காணும்."

"எதை வெட்ட அண்ணா?"

"கடைசி வசனம் தேவையில்லை. 'ஒரு கோர் உள்ள பெட்டியில் இதை நீக்கினால் வித்தியாசம் தெரியாது.' சோதனை வரி இருக்குத்தானே, பிறகு இது என்னத்துக்கு?"

"சோதனை வரி நிக்க வைக்கும். ஏன்னு சொல்லாது. அந்த ஆளும் என்னை மாதிரி பழைய பெட்டியில ஓட்டிப் பார்ப்பார். நல்லாத்தானே ஓடுது, இந்தச் சோதனைதான் பிழைன்னு அதையும் சேர்த்து எடுத்துருவார். மத்த எந்த வரிய வேணும்னாலும் வெட்டுங்க. அது மட்டும் இருக்கணும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நான் அனுப்பமாட்டேன்."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அனுப்பும்" என்றார். "வெட்டிறதெண்டா அவையள் வெட்டட்டும்."

அடுத்த சில மத்தியானங்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. பார்சலைப் பிரிக்காமல் வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோன நாளும் உண்டு. பழுத்தவர் ஒருமுறை எழுதினார். சோதனை வரிக்கு முன்னால் ஒரு வரி இடைவெளி விடச் சொன்னார். கொமன்ட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. இடைவெளி விட்டு மறுபடி அனுப்பினேன். பிறகு ஒருநாள் ஒரு மடல் வந்தது. ஏற்றுக்கொண்டால் அங்கே மனிதர் எழுதுவதில்லை, ஒரு தானியங்கிதான் எழுதும். உங்கள் பெட்ச் சேர்க்கப்பட்டது, நன்றி. வாழ்த்தும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் அதை நாலைந்து தரம் வாசித்தேன்.

அண்ணா தன் கதிரையில் இருந்தபடியே கூப்பிட்டார். "அந்தக் கோப்பில இனிக் கேள்வி வந்தா உமக்கு அனுப்பிறன். நீர்தான் பதில் எழுத வேணும்."

"அப்ப நான் இங்கதானா அண்ணா?"

"பின்னை எங்க?"

"டெஸ்டிங்குக்கு..."

"அங்க விட்டா உவ உம்மை வைச்சு மீன் வெட்டுவா" என்று சிநேகிதி இருந்த பக்கம் தலையை ஆட்டினார். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "அதில்லை. நீர் அந்த வசனத்தை விட்டுக்குடுத்திருந்தா நான் யோசிச்சிருப்பன். இனி மேசைப் பெட்டியில மட்டும் ஓட்டிப்போட்டு ஒண்டும் அனுப்பாதேயும்."

சிநேகிதி கண்ணாடிக் கதவை அகலத் திறந்து, மூடாதபடி ஒரு பழைய ரவுட்டர் பெட்டியை அதற்கு முட்டுக் கொடுத்தாள். என் மேசையில் கிடந்த அதே பெட்டி. "இனி அனுப்ப முந்தி இந்தப் பக்கம் வந்துட்டுத்தான் அனுப்பணும். வெளங்கிச்சா?"

வீட்டில் அம்மா வாசலிலேயே கேட்டார். "வச்சிக்கிட்டாங்களா?"

"வச்சிக்கிட்டாங்க."

"அப்பறம் ஏன் மொகம் இன்னும் அப்படியே இருக்கு? எங்க, உம் பேரக் காட்டு."

பழைய படத்தை நான் அழித்துவிட்டிருந்தேன். சேர்க்கப்பட்ட கோப்பைத் திறந்து, அந்தப் பழி சொல்லும் கட்டளை காட்டிய பக்கத்தைக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் போன தடவை பார்த்த என் பெயரின் உருவம் கண்ணில் பதிந்திருக்கிறது. மேலிருந்து விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். வேறு வேறு பெயர்களுக்கு நடுவே, வெற்றிடத்துக்குச் சற்று மேலே, ஒரு சில வரிகளில் மட்டும் அது இருந்தது. இன்னும் கீழே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இம்புட்டுதானா? அன்னைக்குக் காட்டினதுல நெறைய இருந்திச்சே."

"இம்புட்டுக்குத்தாம்மா எனக்குப் பதில் தெரியும்."

"யாரு கேக்கப் போறா?"

"யாராவது கேப்பாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, அம்மாவின் கையில் இருந்த ஃபோன் மணியடித்தது. மடல். நான் பறித்து வாங்கிப் பார்த்தேன். ஃபோன் கொம்பனியின் விளம்பரம். அம்மா என்னையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோறு போட உள்ளே போனார். நான் மடற்பெட்டியை இன்னொரு தரம் திறந்து பார்த்தேன்.